ரோஜாக்களைப் படுக்கவைத்த சனிக்கிழமை

ஆர்டிஸ் ரூட் பேச்சு வராமல் நின்றாள் என்று சொன்னால் எங்கள் ஸ்டோர்லி ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஞாயிறு காப்பி நேரத்தில் அவள் வாய் கடைசியாக மூடியிருந்தது கடைவாய்ப் பல் பிடுங்கிய வாரத்தில். அன்றும் கையால் சைகை செய்து பாதி ஊர்க்கதையைச் சொல்லிவிட்டாள். அப்படிப்பட்டவள்தான் அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை, மதியம் இரண்டரை மணிக்கு, பக்கத்து வீட்டு ரோஜாத் தோட்டத்தில், ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெறும் காலுறையுமாக, கையில் ஒரு துண்டு ஆரஞ்சுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, திறந்த வாய் மூடாமல் நின்றாள்.

எங்கள் ஊரில் ரோஜா வளர்ப்பது கிறுக்குத்தனம். வளர்ப்பவர்களே ஒத்துக்கொள்வார்கள். ஜனவரியில் மூச்சு மீசையிலேயே உறைந்துபோகும் ஊர் இது. மினசோட்டாவின் இந்த மூலையில் செடியை அப்படியே நிற்கவிட்டால் ஏப்ரலில் கரிக்கட்டைதான் மிஞ்சும். அதனால் அக்டோபர் நடுவில், தரை இறுகுவதற்கு முன், செடியைப் படுக்கவைத்துவிட வேண்டும். கிளைகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டி, ஒரு பக்கம் நீளமாகக் குழி தோண்டி, சுற்றிலும் வேரை நாலு பல் முள்வாரியால் தளர்த்தி, செடியை அப்படியே சாய்த்துக் குழிக்குள் கிடத்தி, மேலே மண், மண்ணுக்கு மேலே இலை மூட்டை. ஏப்ரலில் தோண்டி எழுப்பி நிறுத்த வேண்டும். "பெட்டி இல்லாத அடக்கம்" என்று எங்கள் பாஸ்டர் ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னார். ஆர்டிஸின் பக்கத்து வீட்டு வெர்லின் ஸ்கோக் மட்டும் சிரிக்கவில்லை.

வெர்லினிடம் பதினான்கு செடிகள். பதின்மூன்றோ பதினைந்தோ கிடையாது. தானியக் கிடங்கில் நாற்பது வருஷம் வேலை பார்த்த மனிதருக்கு, இடம் என்றால் இவ்வளவுதான் என்பதில் ஒரு பிடிவாதம். ஜனவரியில் ரோஜாப் புத்தகம் தபாலில் வந்ததும் காலைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டுவார். பிடித்த படத்தைக் கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவார். புதிதாக ஒன்று வர வேண்டும் என்றால் இருப்பதில் ஒன்று போக வேண்டும். அந்தத் தீர்ப்பும் அங்கேயே. "மிஸ்டர் லிங்கன் போகுது" என்பார், மேலே ஒரு வார்த்தை இல்லை. மே மாதம் மிஸ்டர் லிங்கன் என்ற அந்தச் சிவப்பு ரோஜா குப்பை மேட்டில் வேரைக் காட்டிக்கொண்டு கிடக்கும்.

மனைவி லவோனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் அவள் மஞ்சள் ரோஜா ஒன்று வைக்கலாமே என்று சொல்லிப்பார்த்தாள். மஞ்சள் இந்த ஊர்க் குளிருக்குத் தாங்காது என்றார். பத்து வருஷம் கழித்து, தெருவோரத்தில் கடைசி இடத்தில், 'பீஸ்' என்ற ஒன்றை வைத்தார். வெளிறிய மஞ்சள், இதழ் ஓரத்தில் இளஞ்சிவப்பு. "இந்த ஊர் இவ்வளவு மஞ்சளுக்குத்தான் இடம் குடுக்கும்" என்று சொன்னதோடு சரி. லவோன் அதைப் பாராட்டாகச் சொல்கிறாளா, புகாராகச் சொல்கிறாளா என்று ஆர்டிஸால் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. முயற்சி செய்யாமல் இல்லை.

செப்டம்பர் முதல் வாரம், பூக் கண்காட்சிக்காக ரோஜா வெட்டிக்கொண்டிருந்த வெர்லின் கத்தரிக்கோலோடு அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. ஐந்து வாரம் கழித்துச் சக்கர நாற்காலியில் வீடு திரும்பினார். சாப்பிட மறுத்தார். ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோனால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லவோன் வேலியோரம் வந்து நின்றாள்.

"நாளன்னைக்கு கேரன் வர்றா. வேனை எடுத்துட்டு."

"சும்மா பாக்கவா? இல்ல ஏத்திட்டுப் போகவா?" என்றாள் ஆர்டிஸ். கேரன் மினியாபொலிஸில் இருக்கும் மகள். வேன் என்ற வார்த்தையிலேயே அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

"ஏத்திட்டுப் போகத்தான். அப்பாவை வச்சுக்கிட்டு நீ ஒருத்தியா பனிக்காலத்தைத் தாண்ட முடியாதும்மாங்கறா. அங்க அவ வீட்டுக்குப் பக்கத்துல வயசானவங்கள வச்சுப் பாத்துக்கற ஏதோ இடம் பாத்துருக்காளாம். எல்லாம் ஒரே ரூம்ல. ஜன்னலுக்கு வெளிய கார் நிறுத்துற எடம். அந்த மனுஷனைக் கொண்டுபோயி கார் நிறுத்துற எடத்தைப் பாக்க வச்சா, ஆர்டிஸ், கிறிஸ்மஸ் வரைக்கும் இருக்கமாட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"ரோஜாவெல்லாம் படுக்க வச்சாச்சுன்னா ஏப்ரல்ல எழுப்ப ஆள் வேணும், நாங்க இங்கதான் இருக்கணும்னேன். அவ சிரிச்சா. சரிம்மா, ஞாயித்துக்கெழம நான் வர்றப்ப எல்லாம் படுத்திருந்தா பேசலாம்னா. என்னால ஆகாதுன்னு நெனச்சுத்தான் அப்படிச் சொல்லிருக்கா."

"உனக்குத் தெரியுமா, படுக்க வைக்க?"

"முப்பத்தெட்டு வருஷத்துல அந்தாளு என்னை முள்வாரியைத் தொட விட்டதில்ல. எந்தப் பக்கம் சாய்க்கணும்னுகூடத் தெரியாது. ஏதோ ஒரு பக்கந்தான் சாயுமாம், முழங்கால் மாதிரி. மாத்தி மடக்கினா ஒட்டுப்போட்ட முடிச்சுல ஒடிஞ்சு போகும்னு யார்கிட்டயோ சொல்லிக்கிட்டிருந்தாரு. என்கிட்ட இல்ல."

"எனக்குத் தெரியும்" என்றாள் ஆர்டிஸ்.

சொன்னது பொய் இல்லை. அவள் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இருக்கும் ஜன்னல் நேராக ஸ்கோக் தோட்டத்தைப் பார்க்கிறது. இருபத்திரண்டு அக்டோபர்களாக வெர்லின் ரோஜாவைப் படுக்கவைப்பதை அவள் அங்கே நின்று பார்த்திருக்கிறாள். ஒரே ஒரு குறை. நடுவில் ஒரு மரவேலி. வேலிக்கு மேலே வெர்லின் இடுப்புவரைதான் தெரிவார். கீழே என்ன நடக்கிறது என்பதை ஆர்டிஸ் தானாகவே நிரப்பிக்கொள்வாள். ஊரில் மற்ற விஷயங்களையும் அவள் அப்படித்தான் நிரப்புகிறாள், பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

"தெருப்பக்கம் நின்னுக்கிட்டு கராஜ் பக்கமா தள்ளுவாரு. ஒவ்வொரு செடிக்கும் அதே மாதிரி. தெருப்பக்கம் நிப்பாரு, முன்னால குனிவாரு, அப்பறம் ஒரு தம் கட்டுவாரு. பாத்துப் பாத்து எனக்கே இடுப்பு வலிக்கும்."

"நல்லாத் தெரியுமா?"

"உன் வீட்டுக்காரரு எத்தனை தடவை மூக்கைச் சிந்தினாருன்னுகூடச் சொல்வேன்."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆர்டிஸ் ஒரு தட்டு பூசணிக் கேக்கும் பழைய தோட்டச் செருப்புமாக வந்துசேர்ந்தாள். லவோன் புருஷனின் கிடங்குச் சட்டையை மாட்டி, கால்சட்டையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருந்தாள். வடமேற்குக் காற்று வேட்டை நாய் மாதிரி மோப்பம் பிடித்துக்கொண்டு திரிந்தது. ஞாயிறு ராத்திரி தரை உறையும் என்று ரேடியோ சொல்லியிருந்தது.

வெர்லினைச் சாப்பாட்டு அறை ஜன்னலுக்குள், தோட்டத்தைப் பார்த்து, நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். மடியில் கம்பளி. இடது கைக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி, வேண்டியிருந்தால் கண்ணாடியில் தட்டுவதற்கு. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் தந்த அட்டையும் பக்கத்தில். அதில் ஆறு படங்கள்: காப்பி, தண்ணீர், கழிப்பறை, வலி, குளிர், படுக்கை. ஒரு மனிதனுக்கு வேண்டியது அவ்வளவுதான் என்று யாரோ முடிவு செய்து அச்சடித்திருந்தார்கள்.

"பாரு வெர்லின், உன் பிள்ளைங்களைத் தூங்க வைக்கப்போறோம்" என்று லவோன் ஜன்னலுக்கு வெளியே நின்று கத்தினாள். அவர் கண் மட்டும் அசைந்தது.

கராஜ் ஓரத்துச் செடியிலிருந்து தொடங்கினார்கள். கராஜ் பக்கம் குழி தோண்டும் வேலை லவோனுக்கு. மண் கல்லாக இருந்தது. மண்வாரி இறங்கவே இல்லை, ஏறி நின்று குதித்தாள்.

"இத்தனை வருஷம் தோண்டின மண்ணா இது? ரோடு போட்ட மாதிரி இருக்கே!"

"மழை எங்க பேஞ்சுது? ஆகஸ்டுல தூறினதோட சரி" என்றாள் ஆர்டிஸ். அவள் தெருப்பக்கம், வெர்லின் நிற்கும் இடத்தில், அவர் மாதிரியே நின்றாள். "ஆனா நான் நிக்கிற எடம் என்னவோ பஞ்சு மாதிரி உள்ள போகுது. கேக்கு மேல நிக்கிற மாதிரி இருக்குடி."

"உன் எடைக்கு எங்க நின்னாலும் அப்படித்தான்."

"சொல்லுவ. தள்ளு, தள்ளு, ஒண்ணா தள்ளு!"

செடி முரண்டு பிடித்தது. பிறகு மடக்கென்று ஒரு சத்தத்தோடு குழிக்குள் விழுந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"வேருதான்" என்றாள் ஆர்டிஸ். "சின்ன வேரெல்லாம் அறும். வெர்லின் தள்ளுறப்பவும் கேக்கும். என் ஜன்னல் தெறந்திருந்தா எனக்கே கேக்கும்."

இருபத்திரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட அவளுக்கு அது கேட்டதில்லை. அந்த நேரத்தில் கேட்டது போலவே இருந்தது.

அப்போதுதான் கண்ணாடியில் முதல் தட்டு. டொக். டொக். டொக். ஜன்னலில் வெர்லின் கரண்டியோடு.

"ஐயோ, சந்தோஷத்தைப் பாரேன்!" என்று ஆர்டிஸ் மண் படிந்த கையை உயர்த்தி ஆட்டினாள். லவோனும் ஆட்டினாள். தட்டு வேகமானது. "கைதட்டுறாருடி! ஒத்தைக் கையில எப்படிக் கைதட்டுவாரு, அதான் கரண்டி."

மூன்றாவது செடி விழுந்தும் தட்டு ஓயாததால், காப்பிதான் கேட்கிறார் என்று லவோன் உள்ளே போய்க் கொடுத்தாள். ஆர்டிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெர்லின் இடது கையால் கோப்பையை ஒரு வீசு வீசினார். சுவர்த்தாள் முழுக்கக் காப்பி. முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு கதவைக்கூட அறைந்து சாத்தாத மனிதர். லவோன் அட்டையை எடுத்து முன்னால் நீட்டினாள். அவர் காப்பியை அடித்தார், கழிப்பறையை அடித்தார், வலி, குளிர், எல்லாப் படத்தையும் கைமுட்டியால் அடித்தார். கடைசியில் அட்டையே பறந்துபோய் விழுந்தது.

லவோன் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"கோவம் வரும்னு அந்தப் பொண்ணு சொல்லித்தான் அனுப்புனா. மூளையில அடிபட்டா அப்படி வருமாம். ஆனா பாத்ததில்லையே நான். பாத்ததே இல்லையே."

"விடு. நம்ம வேலை செய்யிறதப் பாத்து, தன்னால முடியலயேன்னு ஒரு வேதனை. ஆம்பளைக்கு அது பெரிய விஷயம். முடிச்சுட்டுப் போனா அமைதியாயிடுவாரு. சீக்கிரம் முடிப்போம், வா."

அப்படித்தான் சீக்கிரம் முடித்தார்கள். டொக், டொக் என்று கண்ணாடி தாளம் போட, மடக் மடக்கென்று செடிகள் விழுந்தன. 'டபுள் டிலைட்' விழுந்தது. 'குயின் எலிசபெத்' விழும்போது ஆர்டிஸ் "மகாராணி, மெதுவா" என்றாள், இருவரும் சிரித்தார்கள். கேக் தின்றார்கள். ஒவ்வொரு செடி மேலும் மண் மூடினார்கள். பன்னிரண்டாவது செடியில் தட்டல் மெலிந்தது. பதின்மூன்றாவதில் நின்றுபோனது.

"பாத்தியா? சொன்னேன்ல, அமைதியாயிட்டாரு" என்றாள் ஆர்டிஸ்.

மிச்சம் இருந்தது 'பீஸ்' ஒன்றுதான். மற்றவற்றைவிடப் பெரியது, அடித்தண்டு மணிக்கட்டு அளவு. லவோன் கயிறு கட்டும்போது முள் குத்தி விரலைச் சப்பினாள். ஆர்டிஸ் தெருப்பக்கம் போய் வழக்கமான இடத்தில் நின்றாள். கால் புதைந்தது. வேலை செய்த களைப்பில் இன்னும் ஆழமாக, கணுக்காலைத் தாண்டிப் புதைந்தது. இழுத்தாள். கால் வந்தது, செருப்பு வரவில்லை. திட்டிக்கொண்டே குனிந்து, கையை முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவினாள். மண் ஈரமாக, கறுப்பாக, இலை மக்கின வாசத்தோடு இருந்தது. செருப்பைப் பிடித்து இழுத்தபோது அதனோடு ஏதோ நீளமாக ஒன்று வந்தது.

ஒரு முழம் ஆரஞ்சுக் கயிறு. போன வருஷக் கட்டு, நுனியில் வெர்லின் போடும் இரட்டை முடிச்சு.

செடியைக் கட்டின கயிறு குழிக்குள்தான் கிடக்கும்.

அப்போதுதான் ஆர்டிஸின் வாய் திறந்து அப்படியே நின்றது. வேலிக்கு மேலே இடுப்புவரை தெரிந்த வெர்லின் இருபத்திரண்டு வருஷமாக எதையும் தள்ளவில்லை. தன் காலடியில் குழி தோண்டி, அதன் மேல் காலை அகட்டி நின்று, செடியைத் தன்னை நோக்கி இழுத்திருக்கிறார். குனிந்ததும் தம் கட்டினதும் அதற்குத்தான்.

அவள் ஒரு செருப்போடு ஓடினாள். பதின்மூன்றாவது செடியின் தெருப்பக்கத்தில் கையைக் குத்தினாள், முழங்கைவரை போனது. பத்தாவதில் குத்தினாள். ஆறாவதில். எல்லாம் பஞ்சு. பிறகு மூடியிருந்த மண்ணைக் கையாலேயே பறித்தாள். 'குயின் எலிசபெத்' ஒட்டு முடிச்சில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. உள்ளே மரம் கோழி எலும்பு மாதிரி வெள்ளையாக, ஈரமாக இருந்தது.

"என்னடி? என்ன ஆச்சு? ஏன் தோண்டுற?" லவோன் வந்து நின்றாள். பார்த்தாள். ஆர்டிஸ் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தாள். பிளந்த தண்டைப் பார்த்தாள். நிதானமாக மற்ற பன்னிரண்டு மண்மேட்டையும் ஒன்று விடாமல் பார்த்தாள்.

ஆர்டிஸ் எதிர்பார்த்தது வேறு. கத்துவாள், மண்வாரியை வீசுவாள், இனிமேல் என் வீட்டு வாசப்படி ஏறாதே என்பாள். அதற்கெல்லாம் மனசுக்குள் பதில்கூடத் தயாராகிக்கொண்டிருந்தது.

லவோன் சொன்னது ஒன்றுதான், அதுவும் ரொம்ப மெதுவாக.

"அப்ப அவரு காப்பி கேக்கல."

இருவரும் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்கள். வெர்லின் கண்ணை மூடியிருந்தார். கரண்டி மடியில் கிடந்தது. அவர் முகத்துக்கு நேரே, கண்ணாடியில், தட்டித் தட்டி ஒரு விரிசல் விழுந்திருந்தது.

ஐந்து மணி நேரம் அந்த மனிதர் கத்தியிருக்கிறார். ஐந்து மணி நேரம் இவர்கள் கையாட்டியிருக்கிறார்கள்.

லவோன் சேற்றுப் பூட்ஸோடு கம்பளத்தில் நடந்துபோனாள். அந்த வீட்டில் அது நடந்ததாக நாளைக்கு யாராவது சொன்னால் ஊர் நம்பாது. ஆர்டிஸ் பின்னாலேயே போய் வாசலருகே நின்றாள். செருப்பு இல்லாத காலை மற்றொரு காலுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள், அதைத்தான் எல்லாரும் பார்க்கப்போகிற மாதிரி.

"வெர்லின்" என்றாள் லவோன், முன்னால் மண்டியிட்டு. "பதிமூணு போச்சு. நான் ஒடிச்சுட்டேன். நீ சொல்லச் சொல்ல ஒடிச்சுட்டேன்."

அவர் கண் திறக்கவில்லை.

"அவ இல்லீங்க" என்றது ஆர்டிஸின் குரல். அவளுக்கே அது யார் குரல் என்று சந்தேகமாக இருந்தது. "நாந்தான் சொன்னேன். அவளுக்குத் தெரியாதுன்னுதான் சொன்னா. எனக்குத் தெரியும்னு நாந்தான்... எனக்கு வேலிக்கு மேல மட்டுந்தாங்க தெரிஞ்சுது. கீழ நான் பாத்ததே இல்ல."

வெர்லின் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை அந்தப் பார்வை. எடை போடும் தராசைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கி ஜன்னலைக் காட்டினார். தனியாக நின்றுகொண்டிருந்த 'பீஸ்'. கையை மடக்கித் தன் நெஞ்சுப் பக்கமாக இழுத்தார். இன்னொரு முறை.

"வெளிய போகணுமா? இந்தக் குளிர்லயா? கேரனுக்குத் தெரிஞ்சா..." என்று தொடங்கிய லவோன் நிறுத்திக்கொண்டாள். "ஆர்டிஸ், அந்தக் கோட்டை எடு. குல்லாவையும்."

நாற்காலிச் சக்கரம் அந்தப் பஞ்சு மண்ணில் பாதிவரை புதைந்தது. அவர் கைகாட்டிய இடத்தில் லவோன் குழி தோண்டினாள். மண்வாரி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. ஆர்டிஸ் மறுபக்கம் போய் முள்வாரியைக் குத்தி வேரைத் தளர்த்தினாள். ஆழம் போதாது என்றால் அவர் தலையாட்டினார், இன்னொரு முறை குத்தினாள்.

வெர்லின் ஆரஞ்சுக் கயிற்றை இடது கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு இழுத்தார். லவோன் பின்னால் நின்று அவர் தோளைப் பிடித்துச் சேர்ந்து இழுத்தாள். செடி ஒரு கணம் யோசித்தது. பிறகு முழங்காலை மடக்குகிற மாதிரி மடங்கி, குழிக்குள் படுத்தது.

சத்தமே வரவில்லை. மூவரும் அது வரும் வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை.

மண் மூடினதும் லவோன் நிமிர்ந்து நெற்றியைத் துடைத்தாள். மற்ற மேடுகளைக் கையால் காட்டினாள். அவர் கையைத் தூக்கி விரித்து விட்டார். தீர்ப்பு அவ்வளவுதான்.

"ஜனவரியில பதிமூணு படம் தட்டணும் நீ" என்றாள் அவள். "அதுல ஏழு நான் தட்டுவேன். சொல்லிட்டேன். தாங்காத மஞ்சளாப் பாத்துத் தட்டுவேன்."

வெர்லின் அவளை நிமிர்ந்து பார்த்தார். அதிர்ந்துபோனார் என்றுதான் சொல்ல வேண்டும். வாயின் நல்ல பக்கம் மட்டும் கொஞ்சம் மேலே போனது. அது சிரிப்பா, குளிரா என்று ஆர்டிஸ் முடிவு செய்யவில்லை. அன்றைக்கு அவள் எதையும் முடிவு செய்கிற நிலையில் இல்லை.

நாலு மணிக்குச் சமையலறைச் சுவரில் இருந்த போன் அடித்தது. ஆர்டிஸ் அப்போது சுவர்த்தாளில் காப்பிக் கறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போனில் கேரன் பேசுவது துடைக்கிற இடம்வரை கேட்டது. கேட்காத தூரத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை.

"என்னம்மா, ரோஜா கதை என்ன ஆச்சு? காலையில பத்து மணிக்கெல்லாம் வந்துடுவேன். பெட்டியெல்லாம் எடுத்து வச்சிட்டியா?"

லவோன் போன் கம்பியை விரலில் சுற்றினாள். அவள் பொய் சொல்ல மாட்டாள். சர்ச்சில் இரண்டாவது கேக் துண்டு எடுத்தால்கூட அறிவித்துவிட்டு எடுக்கிறவள்.

"ஒண்ணு படுத்திருக்கு" என்றாள்.

"ஒண்ணா? பதினாலுல ஒண்ணா? அம்மா, அதான் நான் சொன்னேன்..."

"ஒண்ணு படுத்திருக்கு, கேரன். உங்கப்பாதான் படுக்க வச்சாரு. ஏப்ரல்ல அதை எழுப்ப ஆள் வேணும். நீ வா, சாப்பிட்டுட்டுப் போ. வேன்ல எடத்தைச் சும்மாவே வச்சிட்டு வா, ஒடிஞ்ச செடி நெறைய கெடக்கு, குப்பை மேட்டுக்குக் கொண்டுபோகணும்."

"அப்பாவா? என்னம்மா சொல்ற? அப்பா எப்படி..."

டொக். டொக்.

ஆர்டிஸ் துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். லவோன் போனைக் கையிலிருந்து அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். போன் சுவரில் மோதிக்கொண்டு ஊஞ்சலாடியது, அதிலிருந்து "அம்மா? அம்மா?" என்று சின்னதாக வந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் சாப்பாட்டு அறை வாசலில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, கண்ணை அகல விரித்துக்கொண்டு நின்றார்கள்.

வெர்லின் அட்டையை மடியில் வைத்திருந்தார். கரண்டி முனையை மேல் வரிசையில் முதல் படத்தின் மேல் வைத்து, பொறுமையாக, இன்னொரு முறை இரண்டு தட்டு தட்டினார்.

இந்தத் தடவை காப்பிதான்.